வௌவால் நடத்திய விடுதி

ஆஷ்லின் எதை எழுதினாலும் அதை முதலில் பீமாராவுக்குத்தான் படித்துக் காட்டுவாள். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவர் அவர். அவருக்கும் அறிவியலுக்கும் பள்ளிக்கூடத்தோடு உறவு முறிந்துபோயிற்று. அதற்காகவே அவள் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அறைகள் காலியாகி, ஆள் வரத்துக் குறைந்திருக்கும் மதிய வேளையாகப் பார்த்துக் கோச்சடையிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்குவாள். அவளுடைய பார்வை பாதி தாளிலும் பாதி அவர் முகத்திலுமாக இருக்கும். அவர் சாவிக்கொத்தை உருட்டினால் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு விழும். தெருவைப் பார்த்தால் கோடு அழுத்தமாக விழும். கொட்டாவி விட்டாரென்றால் அந்தப் பத்தியின் ஆயுள் முடிந்தது. வீட்டுக்குப் போனதும் வெட்டிவிடுவாள்.

"ஏம்மா, நான் கொட்டாவி விட்டா நீ வெட்டுறே. நான் தூங்கியே போயிட்டா என்ன பண்ணுவே?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"பேசாம உங்க பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு, வாரவுகளுக்குச் சாவி எடுத்துக் குடுப்பேன் சார்."

"அதுக்கும் கொஞ்சம் படிச்சிருக்கணும்மா" என்றார் அவர்.

விலங்கியலில் முதுகலை முடித்திருந்த ஆஷ்லின், ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்படுவதைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி எழுதியும் படம்பிடித்தும் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தாள். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதையே அவளுடைய அம்மா ஆரோக்கியத்தால் நெடுநாள் நம்ப முடியவில்லை. மிஷன் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கும் அந்த அம்மாள், "அறிவியலை எடுத்துச் சொல்றதுன்னா அது டீச்சர் வேலதானே? அதை ஒரு பள்ளிக்கூடத்துல சேர்ந்து சொல்றதுக்கு என்ன கொள்ளை?" என்று கேட்பாள். ஆனால் வெளிநாடுகளில் அருங்காட்சியகங்களும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனங்களும் கடலாய்வு மையங்களும் இதற்கென்றே ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தன. ஆஷ்லின் நார்வேக்கு விண்ணப்பித்தாள், சிங்கப்பூருக்கு விண்ணப்பித்தாள், பதில் வராத ஊர்களின் பெயர்கள் ஒரு பூகோள வகுப்புக்குப் போதுமானவையாக இருந்தன.

அப்புறம்தான் அந்த வௌவால் கதை வந்தது.

கேரளத்தில் நிபா காய்ச்சல் மீண்டும் தலைகாட்டியதாகச் செய்தி வந்திருந்த சமயம். அந்தக் கிருமி பழந்தின்னி வௌவால்களின் உடம்பில் அவற்றுக்கு நோய் தராமல் குடியிருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்தவளுக்கு, பீமாராவின் விடுதியே வழிகாட்டியது. ஒரு வௌவால் விடுதி நடத்துகிறது. ஒருநாள் முகம் தெரியாத விருந்தாளி ஒருவன் வந்து அறை கேட்கிறான். வௌவாலும் பெயர் ஊர் கேளாமல் சாவியைக் கொடுத்துவிடுகிறது. விருந்தாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். பிறகு ஒரு மாலை, அவன் சன்னலைத் திறந்து எதிர்வீட்டைப் பார்க்கிறான். அந்த வீடு உங்கள் வீடு. காணொளி அங்கே முடிந்தது. திருவாதவூர்ப் பக்கம் சாலையில் நின்றபடியே அவளுடைய கேமராக்காரன் ராம்கி தூரத்து மரமொன்றை நெருக்கிப் பிடித்த படத்தில், தலைகீழாகத் தொங்கிய வௌவால் ஒன்று கண்ணைத் திறந்தது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பயந்தார்கள். பயந்தவர்கள் அடுத்தவர்களுக்கு அனுப்பினார்கள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் டென்மார்க்கிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அவளை அழைத்தது. இரண்டு கட்டத் தேர்வு முடிந்து, இறுதி நேர்காணல் மட்டும் பாக்கி.

"டென்மார்க்குன்னா தரங்கம்பாடிக்குக் கப்பல்ல வந்தாகளே, அவுக ஊருதானே?" என்றாள் ஆரோக்கியம். "அவுக அங்கிருந்து இங்க வேதத்தைச் சொல்ல வந்தாக. நீ இங்கிருந்து அங்க சொல்லப் போற. சபையில எல்லாருகிட்டயும் ஜெபிக்கச் சொல்லியிருக்கேன்."

"அதுக்குள்ள சொல்லிட்டியாம்மா?"

"ஜெபத்தை முன்கூட்டித்தாண்டி பண்ணணும்."

நேர்காணலுக்கு முந்தின நாள் காலையில் ஆஷ்லினின் கைபேசி ஒலித்தது. தெரியாத எண்.

"வணக்கம்க்கா. ராஜபாண்டி பேசுறேன். திருவாதவூருக்கு அங்கிட்டு, கண்மாய் தாண்டுனா நம்ம ஊரு. பால் சொசைட்டிக்கு நான்தான் செயலாளர். ஒங்க வௌவால் வீடியோவ ஊரே பாத்துருச்சுக்கா. ஊர்க்கூட்டத்துல டிவியில மாட்டிப் போட்டுக் காட்டுனோம்."

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்றாள் ஆஷ்லின். உண்மையாகவே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சந்தோஷம் எங்களுக்குல்ல! எம்புட்டுக் காலமாக் கண்ணக் கட்டிவிட்டாப்ல இருந்துருக்கோம். எங்க அய்யனார் கோயில் மருதமரத்துல ஆயிரம் ஆயிரமாத் தொங்குது. அதுக கலைஞ்சுறக் கூடாதுன்னு எங்க ஊர்ல தீபாவளிக்குக்கூட வேட்டு வெடிக்க மாட்டாக. தாத்தன் பூட்டன் காலத்துலருந்து வெறும் மத்தாப்புதான். இந்த வருசம் அதுக்கு முடிவு கட்டியாச்சு. சிவகாசிக்கே ஆளனுப்பி வேட்டு வாங்கியாந்துட்டோம். தீபாவளியன்னைக்கு மரத்தச் சுத்திக் கட்டி வெடிச்சு ஒரேயடியாக் கெளப்பிர்றது. மொதத் திரிய நீங்கதான் பத்த வைக்கணும்க்கா. நோட்டீஸ்ல ஒங்க பேரப் போட்டுக்கிறவா?"

ஆஷ்லின் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க... அது... நான் பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்துச் சொல்லுங்க. கார் அனுப்புறோம்" என்று அவன் மகிழ்ச்சியோடு வைத்துவிட்டான்.

அவள் மேசைக்குப் போய்ப் பழைய எழுத்துப்படியைத் தேடி எடுத்தாள். அவள் வெட்டிய பத்தி பென்சில் கோட்டுக்கு அடியில் அப்படியே கிடந்தது. "விருந்தாளி பல காலம் வெளியே வரவில்லை. அறையில் அமைதி இருந்தது. யாராவது வந்து கதவை இடித்து, சுவரை உடைத்து, விடுதிக்காரனைப் பட்டினி போட்டு விரட்டினால்தான் அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவான். எனவே விடுதியைக் கலைக்காதீர்கள். வௌவால் கடித்துப் போட்ட பழத்தை உண்ணாதீர்கள். திறந்த பானையில் இறங்கும் பதநீரை அப்படியே குடிக்காதீர்கள். இவ்வளவு போதும்."

அன்றைக்கு அந்த இடத்தில் பீமாராவ் கொட்டாவி விட்டிருந்தார். வாய் மூடிய பிறகு, "சன்னலத் திறந்து பாத்தான்னு சொன்னே பாரு, அதோட நிறுத்திட்டேன்னா ராத்திரி தூக்கம் வராதும்மா" என்றும் சொல்லியிருந்தார். அவள் அதோடு நிறுத்திவிட்டாள்.

வெட்டுப்பட்டது அலங்காரமாக இருந்திருந்தால் பாதகமில்லை. கதையின் காவலே அதில்தான் இருந்தது. கூட்டம் கூட்டமாகக் கலைக்கப்பட்டு, பசியோடும் பீதியோடும் ஊர் மேல் பறக்கும் வௌவால்களிடமிருந்து கிருமி அதிகமாக வெளியேறக்கூடும் என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை தலைமுறையாக ஒன்றும் நேராத ஊரில், அவளுடைய எச்சரிக்கையே அந்த ஆபத்தை வாசலுக்குக் கூட்டிவரப் பார்த்தது.

கோச்சடை முக்கில் ஒரு மாடியறையில் கணினி வைத்திருந்த ராம்கியிடம் ஓடினாள். கல்லூரியில் அவளுக்கு இளையவன். அவளுடைய காணொளிகளையெல்லாம் படம்பிடித்துத் தொகுப்பவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான்.

"அக்கா, வீடியோவ இப்பத் தூக்குனா லிங்க் செத்துப்போகும். நாளைக்கு அவங்க நேர்காணலுக்கு முன்னாடி ஒருதடவ கிளிக் பண்ணாங்கன்னா 'இல்லை'ன்னுதான் வரும். உங்க விண்ணப்பத்துல முதல் வரியே அதுதானே?"

"அப்ப அந்த ஊரு?"

"தீபாவளிக்கு இன்னும் நாள் கெடக்கு. நாளைக்கு மத்தியானம் பேசி முடிச்சுருங்க. சாயங்காலமே நான் தூக்குறேன். ஒரு நாள்ல மரம் எங்கயும் போயிறாது."

அவன் சொன்னது நியாயமாகவே தோன்றியது. நியாயமாகத் தோன்றியதுதான் அவளை மேலும் கலங்கச் செய்தது. இருந்தும் அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். ராஜபாண்டியை அழைத்து "வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் ஏனென்று கேட்பான். அவள் விளக்க வேண்டிவரும். அது எப்படியோ எங்கேயோ பரவி, எழுதியவளே தப்பென்று சொல்லிவிட்டாள் என்று நாளைக்குள் இணையத்தில் வந்துவிடும் என்று பயந்தாள்.

மறுநாள் பிற்பகலில் மடிக்கணினியின் திரையில் மூன்று முகங்கள் தெரிந்தன. நடுவில் இருந்த கிர்ஸ்டன் என்ற நரைத்த தலைப் பெண்மணி அன்பாகச் சிரித்தாள். தமிழ்நாட்டைப் பற்றிக் கேட்டாள், விடுதி உவமையை வியந்தாள். பக்கத்து அறைக் கதவுக்குப் பின்னால் ஆரோக்கியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆஷ்லினுக்குத் தெரிந்தது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கிர்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எங்களிடம் வருகிற எல்லாரிடமும் நான் இதைக் கேட்பது வழக்கம். உங்கள் காணொளியைப் பார்த்தவர்கள் அதன் பிறகு என்ன செய்தார்கள்? எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும். என்ன செய்தார்கள் என்று தெரியுமா?"

வீட்டுக்கு வெளியே யாரோ குழந்தைகள் பொட்டு வெடியைக் கல்லால் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆஷ்லினின் தோள் குலுங்கியது.

"ஒரு கிராமத்திலிருந்து அழைத்தார்கள்" என்றாள். "ஊர்க்கூட்டத்தில் போட்டுக் காட்டினார்களாம். மக்கள்... மக்கள் விழிப்படைந்திருக்கிறார்கள்."

மூன்று முகங்களும் மலர்ந்தன. இந்த வாரத்துக்குள் முறையான கடிதம் வரும் என்று கிர்ஸ்டன் விடைபெற்றாள்.

ஆரோக்கியம் கதவைத் திறந்துகொண்டு வந்து மகளின் தலையில் கை வைத்து ஸ்தோத்திரம் சொன்னாள். கேசரி கிண்டுவதற்கு ரவையை எடுத்து அடுப்பில் வைத்தாள். ஆஷ்லின் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்றுகூட வாதாடலாம். ஒவ்வொரு சொல்லும் நடந்ததுதான். அந்தச் சாமர்த்தியமே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கேசரி இறங்குவதற்குள் ராஜபாண்டி மறுபடி அழைத்தான்.

"அக்கா, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மைக்கா! எங்க பூசாரி நல்லகாமன் மட்டும் ஆரம்பத்துலருந்தே மரத்துல கை வைக்க விட மாட்டேன்னு நின்னாரு. வீடு அந்த மரத்தடியிலதான். இப்ப அவரு பொண்டாட்டி செல்லத்தாயிக்குக் காச்சல். ஆஸ்பத்திரியில சாதாரணக் காச்சல்னு எழுதிக் குடுத்துட்டாகளாம். நாங்க விடுவமா? அவுக மாட்டுப் பாலை சொசைட்டியில நிப்பாட்டிட்டேன். குழாயடிக்கும் வரக் கூடாதுன்னு ஊர்ல சொல்லியாச்சு. நேத்து தண்ணியெடுக்க வந்துச்சு அந்தம்மா. பொம்பளைக வெளக்குமாத்தத் தூக்கிட்டாக. எல்லாம் ஒங்க புண்ணியம்."

கைபேசியை அவள் எப்போது கீழே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. இதுவரை அவள் பயந்தது வேலை போய்விடுமே என்றுதான். இப்போது வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. ஒரு பெண் குடத்தோடு திரும்பிப் போகிறாள். துடைப்பத்தைத் தூக்கிய கைகளில் தன் கையும் இருப்பதாக ஆஷ்லினுக்குத் தோன்றியது.

ஆரோக்கியம் தட்டில் கேசரியோடு வந்தபோது மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அதுக்கு இப்ப என்ன பண்ணப் போற?"

"வீடியோவ எடுத்துறப் போறேன். கிர்ஸ்டனுக்குப் போன் பண்ணி உண்மையச் சொல்லப் போறேன். அந்த ஊருக்குப் போறேன்."

"கடிதம் கைக்கு வரட்டும்டி. அதுக்கப்பறம் எடு, அதுக்கப்பறம் போ. ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா?"

"அந்தம்மா ஒரு வாரம் தண்ணிக்கு எங்கம்மா போவாங்க?"

ஆரோக்கியம் கேசரித் தட்டை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சபையில நான் என்னன்னு சொல்ல?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் ஆஷ்லினைத் தைத்தது. அவள் கைபேசியைத் திறந்து, காணொளியை நீக்கு என்ற இடத்தில் விரலை வைத்தாள். அழுத்தியதும் அது போய்விட்டது.

மறுநாள் மதியம் மாட்டுத்தாவணியில் அவள் பேருந்து ஏறும்போது ராம்கியும் கேமராப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "ஒருநாள் பொறுங்கன்னு சொன்னவன் நான்தானேக்கா" என்றான். ஒத்தக்கடை தாண்டி, யானைமலை பின்னால் ஒதுங்கியபோது கிர்ஸ்டனின் எண்ணை அழைத்தாள். பேருந்து இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, எதை வெட்டினாள், ஏன் வெட்டினாள், ஊரில் என்ன நடக்கிறது, நேற்று எப்படி மழுப்பினாள் என்பதையெல்லாம் சொன்னாள்.



"சொன்னதற்கு நன்றி" என்றாள் கிர்ஸ்டன். குரலில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. "இதை நான் மற்றவர்களிடம் சொல்ல வேண்டும். இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் அந்த ஊருக்குப் போய்ச் சேருங்கள்."

திருவாதவூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துக் கண்மாய்க்கரையில் போய் நின்றார்கள். மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் சத்தம் கேட்டது. கிறீச் கிறீச்சென்று நூறு கதவுகள் ஒரே சமயத்தில் திறந்து மூடுவதுபோல. பழம் அழுகிய நெடியும் மூத்திர நெடியும் கலந்து வீசின. அவள் இந்த மரத்தடிக்கு ஒருபோதும் வந்ததில்லை. காணொளிக்காக ராம்கிகூட இதைச் சாலையிலிருந்தபடியேதான் படம்பிடித்திருந்தான். மரத்தடி நிழலுக்குள் கால் வைக்க வேண்டிய இடத்தில் அவளுடைய கால்கள் நின்றுவிட்டன. ஆபத்தில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சன்னலைத் திறந்து பார்த்த அந்த விருந்தாளியை அவளே எழுதியிருந்தாள். மற்றவர்களைப் பயமுறுத்தியவன் இப்போது அவளையும் விடவில்லை. மேலே ஒன்று இறக்கையை விரித்து மடக்கியது. அவள் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டாள். பிறகு வெட்கப்பட்டு எடுத்துவிட்டாள். கழுத்துப் பின்புறம் கூசக் கூச நடந்தாள்.

மரத்துக்கு அப்பால் ஓட்டு வீட்டு வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த நல்லகாமன் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். உள்ளே கயிற்றுக் கட்டிலில் செல்லத்தாயி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரு? சுகாதாரத்துறையா?"

"இல்லைங்க. அந்த வௌவால் வீடியோவப் பண்ணது நான்தான்."

நல்லகாமன் கையைத் தவிட்டிலிருந்து எடுக்கவில்லை. "மரத்துல தீ வைக்க வந்தீகளா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன். நான் சொன்னது பாதிக் கதைங்க. மீதியச் சொல்லாம விட்டது என் தப்பு. உங்க மரத்தைக் கலைக்காம இருக்கிறதுதான் சரி. இவுகளுக்கு வந்திருக்கிற காய்ச்சலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் செல்லத்தாயி உள்ளேயிருந்து. குரல் பலவீனமாக இருந்தாலும் சொல் கூர்மையாக வந்தது. "மழையில நனைஞ்சேன், காச்ச வந்துச்சு. அத எங்கிட்ட வந்து சொல்றதுக்கா மதுரையிலருந்து பஸ் ஏறி வந்தே? வெளக்குமாத்தத் தூக்குனவளுககிட்டப் போய்ச் சொல்லு தாயி."

"சொல்றேன். இப்பவே. பால் ஊத்துற நேரம்தானே?"

நல்லகாமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டு, மூடிய பால் தூக்குவாளியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "நான் கொண்டுபோனா வாசல்லயே நிப்பாட்டிருவாக. நீங்க தூக்குங்க பாப்போம்."

தூக்குவாளி அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவள் முன்னால் போக, நல்லகாமன் சற்றுப் பின்னால் வந்தார். ராம்கி கேமராவைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தான். பால் சொசைட்டி வாசலில் கூட்டம் நின்றது. ராஜபாண்டி அவளைக் கண்டதும் முகம் மலர ஓடிவந்தான். உள்ளேயிருந்து யாரிடமோ வாங்கிய துண்டை அவள் தோளில் போடப் போனவன், அவள் கையில் இருந்த தூக்குவாளியையும் பின்னால் நின்றவரையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"அக்கா, அது அந்த வீட்டுப் பாலு. கீழ வைங்க மொதல்ல."

"ராஜபாண்டி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேக்கணும். எல்லாரும்."

முதல் வரியைச் சொல்ல அவள் மூன்று தடவை தொடங்க வேண்டியிருந்தது. கண்ணெதிரே துடைப்பம் தூக்கிய பெண்களும் இருப்பார்கள், எந்த முகமென்றுதான் தெரியவில்லை. வீடியோவை நீக்கிவிட்டதைச் சொன்னாள். கதையில் வெட்டியதைச் சொன்னாள். வௌவாலின் விடுதியில் விருந்தாளி இத்தனை காலம் எப்படி அமைதியாகக் கிடந்தான், கதவை இடித்தால்தான் எப்படித் தெருவுக்கு வருவான், உங்கள் தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து வேட்டு வெடிக்காமல் இருந்ததால் அந்தக் கதவு எப்படிச் சாத்தியே கிடந்தது என்றெல்லாம் சொன்னாள். யாரும் கொட்டாவி விடவில்லை. ஆனால் யாரும் இரங்கவும் இல்லை.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னே, இன்னைக்கு ஒண்ணு சொல்றே. நாளைக்கு வந்து என்னத்தச் சொல்லுவே?" என்றாள் ஒரு பெண்.

"வெளிநாட்டுக்காரன்கிட்டக் காசு வாங்கிட்டு மாத்திப் பேசுதுப்பா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

"இல்ல, வௌவால்கிட்ட வாங்கியிருக்கும்!" சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

ராஜபாண்டியின் முகம் கறுத்துவிட்டது. "எங்கள முட்டாளாக்கிட்டீகளேக்கா. ஊரக் கூட்டி டிவி போட்டது நான். பூசாரி வீட்டுப் பாலை நிப்பாட்டுனது நான். எல்லாம் ஒங்கள நம்பி. இப்ப நீங்க பஸ் ஏறிப் போயிருவீக. நான் இந்த ஊர்ல மூஞ்சியக் காட்ட வேணாமா?"

சொசைட்டியை ஒட்டி ஒரு டீக்கடை இருந்தது. ஆஷ்லின் தூக்குவாளியோடு அங்கே போனாள். "அண்ணே, இந்தப் பாலைக் காய்ச்சிக் குடுங்க." டீக்கடைக்காரர் கூட்டத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லாததால் மெதுவாக ஒரு பாத்திரத்தை எடுத்தார். பால் பொங்கி எழுந்தது. சூடான தம்ளரை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாலில் ஒன்றும் இல்லை என்று படித்தவளுக்குத் தெரியும். ஆனால் இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் இருமிவிட்டால்கூட அதுவே காய்ச்சலுக்குச் சாட்சியாகிவிடும். ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு சுட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ராம்கி கேமராவை இறக்கிவைத்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு குடுங்கண்ணே" என்றான்.

ராஜபாண்டி அன்றைக்குப் பாலை எடுக்கவில்லை. "நீங்க குடிச்சது ஒங்க தைரியம். நாலு நாள் கழிச்சுப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். வேட்டுகளை என்ன செய்வது என்று பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் மரத்தடியில் வேண்டாம் என்றார். மற்றவர் அப்படியானால் வாங்கியதை யார் தலையில் கட்டுவது என்றார். அதற்குமேல் எதுவும் முடிவாகவில்லை.

நல்லகாமன் மீதிப் பாலோடு தூக்குவாளியை எடுத்துக்கொண்டார். மரத்தடி வரைக்கும் நடந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது, வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பிக் கண்மாய்க்கு மேலே போய்க்கொண்டிருந்தன.

"நாளைக்கும் பால் இருக்கு" என்றார்.

"வாரேன்" என்றாள் ஆஷ்லின்.

"நாளைக்கு மறுநாளும் இருக்கு. அவன் எடுக்கிற வரைக்கும் வருவீகளா?"

அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "வாரேன்" என்று மறுபடியும் சொன்னாள்.

அவள் வந்தாள். மறுநாள் தூக்குவாளியைத் தூக்கியபோது யாரோ விசிலடித்தார்கள். அதற்கடுத்த நாள் செல்லத்தாயி காய்ச்சல் விட்டு எழுந்து தானும் உடன் வந்தாள். குழாயடியைக் கடக்கும்போது ஆஷ்லின் நின்று, செல்லத்தாயியின் குடத்தை வாங்கித் தானே தண்ணீர் பிடித்தாள். பெண்கள் விலகி நின்று பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்து குழாயைத் திருகி நிறுத்தினாள். தீபாவளியன்று மரத்தடியில் வேட்டு வெடிக்கவில்லை. ஊருக்கு மறுகோடியில் எங்கோ கொஞ்சம் வெடித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நல்லகாமனும் ஆஷ்லினும் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தார்கள். மீதி வேட்டு என்னவாயிற்று என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

தீபாவளி கழிந்து அவள் சொசைட்டி வாசலில் தூக்குவாளியோடு வரிசையில் நின்றபோது கைபேசி அதிர்ந்தது. கிர்ஸ்டனிடமிருந்து செய்தி. குழு இன்னும் முடிவெடுக்கவில்லை என்றும், அவளிடம் நேர்காணலில் கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்க விரும்புகிறது என்றும், நாளை இந்திய நேரம் மாலை ஐந்து மணிக்குத் திரையில் இருக்க முடியுமா என்றும் கேட்டிருந்தாள். ஆரோக்கியத்தின் முகம் ஆஷ்லினின் நினைவில் வந்தது. இந்த ஒரு நேரத்தையும் மறுத்தால் அப்புறம் கேட்க மாட்டார்களோ என்று பயந்தாள்.

"அந்த நேரத்தில் நான் பால் சொசைட்டியில் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் தள்ளி வைக்க முடியுமா?" என்று எழுதி அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

வரிசை நகர்ந்தது. அவளும் செல்லத்தாயியும் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ராஜபாண்டி தலை நிமிராமல் அளவுக் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவன் நிமிர்ந்து அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு செல்லத்தாயியைப் பார்த்தான்.

"காச்ச நின்னுருச்சாக்கா?" என்று கேட்டான்.

"நின்னு நாளாச்சு."

"நான் பண்ணது தப்புதான்" என்றான் ராஜபாண்டி, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாக. ஆஷ்லினின் கையிலிருந்து தூக்குவாளியை வாங்கி, மூடியைத் திறந்து, பாலை அளந்து பெரிய கேனில் ஊற்றினான்.